பூனைக்கும் சீட்டு எழுதிய கம்பவுண்டர்

என் மூத்த பேரன் சேகர் பி.எஸ்ஸி. தேறி, பெங்களூரில் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறான். அவன் தம்பி மூர்த்தி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். டிராயிங்கில் அவன் போடுகிற கோட்டுக்கு ரப்பரே வேண்டாம் என்று வாத்தியார் சொன்னாராம். பேத்தி விஜயா டைப்ரைட்டிங் ஹையர் தேறிவிட்டாள், அதுவும் முதல் வகுப்பில். கடைக்குட்டி பாபு சாக்கு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து எவர்சில்வர் டம்ளர் வாங்கினான். இப்போது ஐந்தாவது படிக்கிறான். நானும் ஐந்தாவதோடு நின்றவள்தான். அடுத்த வருஷம் அவன் என்னைத் தாண்டிவிடுவான்.

காலமான ஒருவரைப் பற்றி எழுதும் இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கம்பவுண்டர் தனகோட்டி அவர்கள் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் முதலில் கேட்பது இதைத்தான். "இன்னாம்மா, புள்ளைங்க சேதி இன்னா?" என்பார். நான் மூத்தவனிலிருந்து வரிசையாகச் சொல்வேன். ஒரே சேதியைப் போன வாரமும் சொல்லியிருப்பேன். அவர் புதிதாகக் கேட்பது போலவே கேட்பார். அதனால் அவரைப் பற்றி எழுதும்போதும் அங்கிருந்துதான் தொடங்க வந்தது.

விஜயா தேறிய சேதியை அவருக்குச் சொல்லத்தான் போன செவ்வாய்க்கிழமை காலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பதில் பால்கார முனுசாமி வந்தான். பாலை ஊற்றவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"ஆயா, நம்ம கம்பவுண்டரு பூட்டாரு. விடியக்காலம் ஆறு மணிக்கு."

"எந்தக் கம்பவுண்டரு?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒரு கம்பவுண்டர்தான். அப்படியும் கேட்டேன்.

அவருடைய பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள் எழுதுகிறார்கள், மாட்டு டாக்டர் எழுதுகிறார். அவர் மகள் என்னிடம், "ஆயா, நீங்களும் எழுதுங்க. பூனை சமாச்சாரத்தை நீங்கதான் எழுத முடியும்" என்றாள். என் எழுத்தில் தப்பு இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும். சமாச்சாரத்தில் தப்பு இருக்காது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தனகோட்டி அவர்களுக்குச் சொந்த ஊர் மாகறல். பயிர் வைக்கிற குடும்பம். காஞ்சிபுரத்தில் மாட்டாஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கம்பவுண்டராக இருந்தார். மருந்து கலக்குவதும், மாட்டைப் பிடித்து நிறுத்துவதும், சீட்டு எழுதுவதும் அவர் வேலை. காக்கி அரை டிராயர், வெள்ளைச் சட்டை, காதில் ஒரு பென்சில். உதை பட்டு உடைந்து கோணலாகக் கூடிய இடது மணிக்கட்டு. எந்த மாடு உதைத்தது என்று கேட்டால், "அதும் மேல தப்பு இல்லமா, ஊசி அப்புடி" என்பார்.

நாங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பம். மாடு கிடையாது, பூனைதான் உண்டு. நெய்கிற வீட்டில் பூனை இல்லாமல் முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போடுகிறோம், அந்த வாசனைக்கு எலி வரும். எலி ஓர் இரவு தறியில் ஏறினால் ஒரு மாத உழைப்பு போயிற்று. அதனால் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் பூனை உண்டு. யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை. எங்கள் வீட்டுப் பூனைக்கு மட்டும் பெயர் இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, வலது ஓரத்தில் காதிலிருந்து வால்வரை கறுப்பாக ஒரு பட்டை. புடவைக்குக் கரை பிடித்த மாதிரி இருக்கும். விஜயா சின்னக் குழந்தையாக இருந்தபோது அதைக் கரைக்காரி என்று கூப்பிட்டாள். அதுவே நின்றுவிட்டது.

பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன் ஒருநாள் கரைக்காரி ஓங்கரிக்கத் தொடங்கியது. முன்னங்காலை ஊன்றி, கழுத்தை நீட்டி, வயிற்றை உள்ளே வெளியே இழுத்து, 'ஹக் ஹக்' என்று. ஒன்றும் வெளியே வரவில்லை. பல்லி விழுங்கிவிட்டது என்றாள் எதிர் வீட்டுக்காரி. கண் பட்டுவிட்டது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தனியார் டாக்டர் ஒருவர் இருந்தார், பணக்கார வீட்டு நாய்களுக்குப் பார்ப்பார். அவர் வாசலில் நிற்கவே எங்களுக்குக் கூச்சம். நான் பூனையை முறுக்குக் கூடையில் போட்டு, மேலே முறத்தைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே எருமையும் காளையுமாக நிற்கின்றன. நடுவில் நான் கூடையோடு.

"இன்னா ஆயா, கூடையில கன்னுக்குட்டியா?" என்றான் ஒருவன்.

"பால் எத்தினி படி கறக்குது?" என்றான் இன்னொருவன்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல். "அந்தக் கூடைக்காரம்மாவை முன்னாடி வுடுங்கபா. உங்க மாடு நின்னுக்கினு இருக்கும், அது நிக்காது."

சீட்டை எடுத்து, காதிலிருந்த பென்சிலால் எழுதினார். பூனை. பெண். குறை: வறட்டு ஓங்கரிப்பு. எழுதிவிட்டு நிமிர்ந்து, "பேரு இன்னாம்மா?" என்றார். என் பெயரைச் சொன்னேன்.

"உங்க பேரு எழுதிட்டேன். அதும் பேரு?"

"கரைக்காரி."

அதையும் எழுதினார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

டாக்டர் கிராமத்துக்குப் போயிருந்தார். கம்பவுண்டர், தாம் டாக்டர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஆனா பார்த்ததைச் சொல்லுவேன்" என்றார். பிறகு அவர் செய்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சிமெண்டுத் தரையில், அத்தனை பேர் முன்னால், முழங்காலையும் கையையும் ஊன்றி நாலு காலில் நின்றார்.

"நல்லா பாரும்மா. இப்புடி கழுத்தைத் தாழ்த்தி, வயிறு ஆடாம 'கஹ் கஹ்'னா அது இருமல். நெஞ்சு சமாச்சாரம். இப்புடி வயிறு உள்ளாற போய்ப் போய் வந்தா அது ஓங்கரிப்பு. வயித்து சமாச்சாரம். உங்களுது எது?"

"ரெண்டாவது" என்றேன்.

"இன்னொரு வாட்டி பண்ணு கம்பவுண்டரே, என் எருமைக்குப் புரியல" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து முழங்காலைத் தட்டினார்.

பூனை நாளெல்லாம் தன்னை நக்குகிறது, அந்த முடி வயிற்றில் திரளுகிறது, அதைத் தள்ளத்தான் ஓங்கரிக்கிறது என்றார். முடி வெளியே வந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் சோறு கேட்கும், பயமில்லை. வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்து, சோறும் வேண்டாம், தண்ணீரும் தங்கவில்லை, வெளிக்கும் போகவில்லை, மூலையில் போய் ஒளிகிறது என்றால் அன்றைக்குப் பயப்பட வேண்டும். "அப்ப வாயைத் தொறந்து பாருங்க. நாக்கைத் தூக்கி அடியில பாருங்க. எலும்பு, முள்ளு, எதுனா மாட்டிக்கினு இருக்கும்" என்றார். "எத்தினி வாட்டி ஓங்கரிச்சுது, இன்னா வந்துது, எழுதி வைங்கம்மா. டாக்டருக்குக் காசு குடுக்க முடியாதவங்களுக்கு அதான் டாக்டரு."

அன்று சாயங்காலமே கரைக்காரி சுண்டுவிரல் அளவுக்கு முடித் திரள் ஒன்றைக் கக்கிவிட்டு, சோற்றுத் தட்டைத் தேடிப் போயிற்று. அதற்குப் பிறகு, பாவு வாருகிற பழைய பிரஷை எடுத்து தினமும் அதன் முதுகை வாரிவிட்டேன். முடி குறைந்தால் விழுங்குவதும் குறையும் என்று அவர் சொல்லியிருந்தார். "பூனைக்குக் கஞ்சி எப்ப போடுவே? தறியில ஏத்திடலாமா?" என்பார் என் வீட்டுக்காரர்.

நாள்காட்டித் தாளின் முதுகில் நான் எழுதி வைத்ததைக் கம்பவுண்டரிடம் ஒருமுறை காட்டினேன். நின்றபடி முழுவதும் படித்தார். "எங்க ஆபீஸ்ல கூட இவ்ளோ சுத்தமா எழுத மாட்டாங்கம்மா" என்றார். அன்று முதல் எங்கள் தெருப் பக்கம் வந்தால் எட்டிப்பார்ப்பார். மோர் குடிப்பார். பிள்ளைகள் சேதி கேட்பார்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. இனிச் சொல்லப் போவது எழுத எனக்குக் கஷ்டமானது.

அது ஆனி மாதக் கடைசி. சேகர் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பி.யு.சி.யில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலைப் பார்க்கப் போகிற முதல் பிள்ளை. பணம் கட்டத் திங்கட்கிழமை கடைசி நாள். பணம் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. சேர்த்த விதத்தைச் சொல்லப் புகுந்தால் அதுவே ஒரு புத்தகம்.

அந்த வாரம் எங்கள் தறிக்குப் புதுப் பாவு வந்தது, அரக்கு நிறம். பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் முனையை ஒவ்வோர் இழையாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பது பெண்கள் வேலை. ஆயிரக்கணக்கான இழை. எனக்கு எட்டு வயதிலிருந்து அதுதான் வேலை. எங்கள் வீடுகளில் பெண்ணுக்குக் கண் பார்ப்பதற்கு முன் கை பார்க்கும். தொங்குகிற நுனி எங்கே இருந்தாலும் கை அதைப் பிடித்து இழுத்துவிடும். சம்பந்தி வீட்டில் பேசிக்கொண்டே அந்த அம்மாளின் தலைப்பில் நூல் பிடுங்கியவள் நான்.

வெட்டிய நுனிகளைக் கொட்டாங்குச்சியில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தேன். கழிவுப் பட்டு நூலையும் நாங்கள் எறிய மாட்டோம். அதில் கஞ்சி வாசனை.

வியாழக்கிழமை காலையில் கரைக்காரி ஓங்கரித்தது. முடிதான் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம்வரை ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சோறு வேண்டாம் என்றது. தண்ணீரை நக்கியது, அதையே கக்கியது. பிறகு, நெய்கிறவர் கால் வைக்கிற தறிக்குழிக்குள் இறங்கி மூலையில் ஒண்டிக்கொண்டது. கம்பவுண்டர் சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரரைப் பழைய துண்டால் சுற்றிப் பிடிக்கச் சொல்லி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.

நாக்கின் அடியில் அரக்கு நிறத்தில் ஓர் இழை. நாக்கைச் சுற்றிக்கொண்டு, தொண்டைக்குள்ளே இறங்கிப் போயிருந்தது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! இழையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு விரல் நீளம் வந்தது. பிறகு வரவில்லை. சிக்கிய இழையை நாங்கள் விடுவோமா? விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அறுந்துவிடாமல், தறியில் இழுப்பது போலப் பதமாக மறுபடி இழுத்தேன். கரைக்காரி போட்ட சத்தம் அது வரை நான் கேட்டிராத சத்தம். என் வீட்டுக்காரர் பிடியை விட்டுவிட்டார்.

கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கம்பவுண்டர் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு வயிற்றை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இழுத்தீங்களாம்மா?"

"இழுத்தேன்."

"ரொம்பவா?"

"ரெண்டு வாட்டி."

பூனையைத் திரும்பக் கூடையில் வைத்தார். பிறகு, "உங்க தொழில்லயே சொல்றேன்" என்றார். "நெய்ஞ்ச துணியில ஒரு இழையைப் புடிச்சி இழுத்தா இன்னா ஆவும்?"

"சுருங்கும்."

"எங்க சுருங்கும்?"

"இழை போற தூரம் பூரா."

"அதாம்மா. ஒரு நுனி நாக்குல மாட்டிக்கினு இருக்குது. இன்னொரு நுனி குடலுக்குள்ளாற எங்கியோ போயிடுச்சி. குடலு சுருங்கிக்கினு இருக்குது."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பட்டு இழை அறுக்கும் என்று எனக்குச் சொல்லித் தரவேண்டுமா? என் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். காலையில் சுற்றிய இழையின் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. என் விரலே அப்படி இருந்தால் அதன் குடல் எப்படி இருக்கும்!

டாக்டர் பார்த்தார். நல்ல மனுஷர். இங்கே இருக்கிற சாமான் மாட்டுக்கானது, பூனையின் வயிற்றைத் திறந்து இழையை எடுக்க இங்கே வழியில்லை, இன்றே பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். என்ன செலவாகும் என்று கேட்டேன். படம் எடுக்க, வயிறு திறக்க, அங்கே நாலைந்து நாள் தங்க என்று சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. பிழைக்குமா என்றும் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

கம்பவுண்டர் என் பின்னாலேயே வந்தார். "நான் லீவு போட்டுட்டு கூட வரேம்மா. அங்க எனக்கு ஆள் தெரியும். வழி தெரியலையேன்னு பயப்படாதீங்க" என்றார்.

எனக்குப் பயம் வழியைப் பற்றி இல்லை.

வீட்டுக்கு வந்தேன். சாமி படத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, "நீ சொல்றபடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் ஓர் அதட்டல் போட்டிருந்தால் இத்தனை வருஷம் பழியை அவர் மேல் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சேகர் ஒன்றும் அறியாமல், புதுச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

மாட்டாஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், "பட்டணம் வேணாம் கம்பவுண்டரே" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்து சைக்கிளில் மாட்டினார்.

நாக்கடியில் இழையைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிட்டார். இழுக்காமல் இதை மட்டும் முதலிலேயே செய்திருந்தால் சில சமயம் தானாகவே இறங்கி வெளியே வந்துவிடுமாம். அதை அவர் அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை. பிற்பாடு வேறொருவரிடம் சொன்னபோது கேட்டேன். தோலுக்கடியில் ஊசியால் குளூக்கோஸ் தண்ணீர் ஏற்றினார். காலையிலும் வந்தார், வேலை முடிந்து சாயங்காலமும் வந்தார். தறிக்குழி ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, அதன் நெற்றியை ஒரு விரலால் தடவிக்கொண்டிருப்பார்.

"மருந்து வேற எதுனா இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருந்தா பண்ண மாட்டேனாம்மா? இப்ப நாம பண்றதெல்லாம் நம்ம மனசுக்கு" என்றார்.

நான் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமை: காலை ஏழு மணி, ஓங்கரிப்பு, ஒன்றும் வரவில்லை. எட்டரை, ஓங்கரிப்பு, மஞ்சள் நீர். பத்து, ஓங்கரிப்பு, ஒன்றும் வரவில்லை. பதினொன்று, ஒன்றும் வரவில்லை. அவர் வந்ததும் தாளை வாங்கி வரி விடாமல் படிப்பார். படித்து என்ன செய்ய முடியும்? ஆனாலும் படிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் ஓங்கரிப்பு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் பார்த்தேன், இல்லை. எனக்கு உயிர் வந்தது. மூர்த்தியை ஓடவிட்டு அவரை அழைத்துவரச் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து, கையில் ஈரத்தோடு வந்தார்.

"நின்னுடுச்சி கம்பவுண்டரே!" என்றேன்.

அவர் குனிந்து அதன் காதைத் தொட்டார். என் கையைப் பிடித்து அந்தக் காதின்மேல் வைத்தார். சில்லென்று இருந்தது.

"இது நல்லதுக்கு நின்னது இல்லமா" என்றார்.

மூன்று மணிக்குக் கரைக்காரி போயிற்று. கொல்லையில் முருங்கை மரத்தடியில் அவரே குழி தோண்டினார். மறுநாள் சேகருக்குப் பணம் கட்டினோம்.

ஒரு வாரம் கழித்து வந்தவர், மோரை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "உங்க மேல தப்பு இல்லமா, என் மேலதான்" என்றார். "வாயைப் பாருங்கன்னு சொன்னவன் நான். பார்த்தா இழுக்காதீங்கன்னு சொல்லாம வுட்டேன். நூல்காரங்க கிட்ட சொல்றோமே, நூலைப் பார்த்தா கை சும்மா இருக்குமான்னு எனக்கு ரோசனை வரலியே."

இல்லை, என் கைதான் என்றேன். இல்லை, என் வாய்தான் என்றார். பழியை இரண்டு பேரும் இழுத்தோம். கடைசியில் ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் செய்தது எங்கள் தெருக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிற நேரமாகப் பார்த்து சைக்கிளில் வருவார். மணியை அடித்து, "நுனி நூலை மூடி போட்ட டப்பாவுல போடுங்கம்மா! பூனை வாயில நூல் பார்த்தா இழுக்காதீங்க! என்கிட்ட கொண்டாங்க!" என்று கத்திக்கொண்டே போவார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. பிள்ளைகள் அவருக்கு 'இழுக்காதே' என்று பெயர் வைத்தார்கள். "அதோ, இழுக்காதே வராரு!" என்று கூடவே ஓடுவார்கள். அவருக்கு அதில் கோபமே இல்லை. எங்கள் வீட்டு வாசல் வந்ததும் மட்டும் சத்தத்தை நிறுத்திக்கொள்வார். அடுத்த வீட்டு வாசலில்தான் மறுபடி தொடங்குவார்.

ஒரு வருஷத்தில் அடுத்த தெருவில் ஒரு பூனைக்கு இதே போல ஆயிற்று. அந்த வீட்டுப் பெண் இழுக்கவில்லை. இவர் நாக்கடியில் வெட்டிவிட்டு இரண்டு நாள் பார்த்தார். இழை தானாகப் பின்பக்கம் வந்துவிட்டது. பூனை பிழைத்தது. அந்தப் பெண் என்னிடம் ஓடிவந்து சொன்னாள். நல்லது என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சந்தோஷப்பட எனக்கு ஒருநாள் ஆயிற்று. இதைக் கம்பவுண்டரிடம் சொன்னேன். "ஒரு நாள்லியே வந்துடுச்சா? பரவாயில்லியே" என்றார். எல்லாப் பூனைகளும் பிழைத்தன என்று நினைக்க வேண்டாம். தாமதமாகக் கொண்டுவந்தவை போயின. அவற்றுக்கும் பட்டணம் தேவைப்பட்டது, அந்த வீடுகளிலும் பணம் வேறெதற்கோ இருந்தது.

சேகர் பி.யு.சி. தேறினான், பி.எஸ்ஸி. தேறினான், உத்தியோகம் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் முதலில் என் கையால் சர்க்கரை வாங்கியவர் கம்பவுண்டர்தான். வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா வரட்டும்மா" என்பார். முருங்கை மரத்தைப் பார்க்க மாட்டார். நானும் பார்க்க மாட்டேன்.

போன பொங்கலுக்கு சேகர் புதுக் காமிராவோடு வந்திருந்தான். கம்பவுண்டர் ரிடையர் ஆகிவிட்டிருந்தார். இருமலுக்கும் ஓங்கரிப்புக்கும் வித்தியாசம் என்ன என்று பாபு கேட்டான். அவ்வளவுதான், மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் கூடத்தில் நாலு காலில் நின்றுவிட்டார். வீடே சிரித்தது. அவரும் அப்படியே தலையை நிமிர்த்திச் சிரித்தார். அப்போது சேகர் ஒரு படம் எடுத்தான்.

சித்திரைக்குப் பிறகு அவர் இளைத்தார். வெயில் என்றார். ஆடி மாதம் ஒருநாள் எங்கள் வீட்டில் மோரை ஒரு வாய் குடித்தவர், சட்டென்று எழுந்து கொல்லைப் பக்கம் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். அந்தச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம். ஒன்றும் வெளியே வராத சத்தம்.

அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"எத்தினி நாளா?" என்றேன்.

"ரெண்டு மாசம் இருக்கும்."

"சாப்பாடு தங்குதா?"

அவர் சிரித்தார். "இன்னாம்மா, என் கேள்வியை எனக்கே போடுறீங்க? அடுத்து வாயைத் தொறக்கச் சொல்லுவீங்களா?"

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"பட்டணம் போவச் சொன்னாரு. வயித்தைத் தொறந்து பார்க்கணுமாம்."

அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டில் அப்போது கடைசி மகளுக்கு வரன் நிச்சயமாகியிருந்தது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'போங்க கம்பவுண்டரே, இன்னிக்கே போங்க' என்று சொல்ல வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை. போகாமல் இருந்தவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இன்னொருவரைப் போ என்பது? அவர் முருங்கை மரத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். "நல்லா காய்க்குதும்மா" என்றார். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனார்.

மூன்று வாரம் கழித்து முனுசாமி செம்போடு வந்து நின்றான்.

கம்பவுண்டரே, விஜயா டைப்ரைட்டிங் ஹையர் தேறிவிட்டாள். உங்களுக்குச் சொல்லத்தான் அன்று நின்றேன். இங்கே எழுதிவிட்டேன், சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சீட்டு பத்திரமாக இருக்கிறது. நல்லபடியாகப் போங்கள்.

சேகர், இந்தப் புத்தகம் உனக்கும் வரும். உன் காலேஜ் பணத்தின் சமாச்சாரத்தை இதில்தான் முதலில் படிப்பாய். உன்னை வருத்தப்பட வைக்க எழுதவில்லை. மறுபடியும் அதே நாள் வந்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன், மறுபடியும் அழுவேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கம்பவுண்டர் வீட்டில் மாலை போட்டு வைத்திருப்பது ஆபீஸில் எடுத்த பழைய படம். காளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கொம்பு பாதி முகத்தை மறைக்கிறது. அவர் சம்சாரம் படத்தின் முன் உட்கார்ந்து அந்தக் கொம்பையேதான் பார்க்கிறாள். முழு முகம் தெரிகிற படம் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதிலிருந்து ஒரு பிரதி பெரிதாகப் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, இதைப் படித்த கையோடு அவர்கள் வீட்டுக்கே தபாலில் அனுப்பு. நாலு காலில் நிற்கிற படத்துக்கு மாலை போடுவார்களா என்று யாராவது கேட்டால், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.